ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: முதல் செலவு எஞ்சினுக்கா, கியர்பாக்ஸுக்கா?

காசிமேடு_20வால்வ்

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2005 ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் 20 வால்வ் டர்போ, ஐந்து கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கு 150 பிஎஸ், 210 நியூட்டன் மீட்டர் டார்க். பதினைந்து வருடம் முடிந்து ஆர்சியும் புதுப்பித்தாகிவிட்டது. இந்த வண்டியை விற்கும் எண்ணமே இல்லை.

250 பிஎஸ் வரை கொண்டுபோக ஆசை. இப்போது மனதில் இருக்கும் பட்டியல்: கே04 என்ற பெரிய டர்போ, முன்பக்க இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்), பெரிய இன்ஜெக்டர், ஈசியு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி எழுதுவது). கிளட்ச் ஏற்கெனவே கொஞ்சம் வழுக்குகிறது. நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் அதே அளவுக்கு ஏறவில்லை. அதனால் கிளட்சையும் மாற்றியாக வேண்டும்.

தினமும் மணலிக்கு வேலைக்குப் போகிற வண்டி இது. அவ்வப்போது ஜிஎன்டி ரோடு வழியாக நெல்லூர் போவேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நம் வண்டியை ஓட்ட விடும் டிராக் டே கிடைத்தால் அங்கேயும் ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாங்கக் காசு இல்லை. எதை முதலில் வாங்குவது, எதை விடுவது என்று வழி சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_டர்போ

ப்ரோ, பட்டியலைத் தலைகீழாகத் திருப்புங்கள். நீங்கள் டர்போவில் ஆரம்பிக்கிறீர்கள். கியர்பாக்ஸில் ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வண்டியில் இருப்பது 02ஜே கியர்பாக்ஸ். எம்க்யூ250 என்றும் சொல்வார்கள். அந்த 250 என்பது அது தாங்கும் டார்க்கின் அளவு, நியூட்டன் மீட்டரில். கொஞ்சம் மேலே போனால் உடனே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் தயாரித்தவர்கள் போட்ட கோடு அங்கேதான் இருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். 3000 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 128 பிஎஸ்தான். அதே எஞ்சின் 5500-ல் 240 நியூட்டன் மீட்டரைப் பிடித்து நின்றால் 188 பிஎஸ். முதலாவதில் கியர்பாக்ஸ், கிளட்ச், கனெக்டிங் ராடு மூன்றும் அடி வாங்கும், வேகமும் வராது. இரண்டாவதில் பாக்ஸ் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கும், வண்டி பறக்கும். பல ரீமேப்புகள் கீழே 2500-லேயே பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) முழுக்கத் தள்ளிவிடுவதற்குக் காரணம், ஓட்டிப் பார்க்கும் முதல் நிமிடத்தில் முதுகு சீட்டில் ஒட்டும், காசு கொடுத்தவருக்குத் திருப்தி. இந்த எஞ்சினின் ஸ்டாக் (கம்பெனியோடு வந்த) ராடு வளைவதும் பெரும்பாலும் அப்படித்தான். குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று எகிறும் சிலிண்டர் அழுத்தம்தான் காரணம், உச்ச பவர் இல்லை.

அதனால் 250 பிஎஸ் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 250-லிருந்து 270 நியூட்டன் மீட்டர் என்று டார்க்குக்கு ஒரு கூரை போடுங்கள். அதை எவ்வளவு மேல் ஆர்பிஎம் வரை இழுக்க முடியும் என்று பாருங்கள். அந்தக் கூரைக்குத் தேவையான பார்ட்ஸை மட்டும் வாங்குங்கள்.

வியாசர்பாடி_லேத்

டர்போ சொன்னது சரி. ஆனால் பெரிய விஷயத்தை விட்டுவிட்டார். ரிவெட்.

02ஜே பாக்ஸில் டிஃபரன்ஷியல் (இரண்டு முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) கூட்டோடு பெரிய ரிங் கியரைப் பிடித்து வைத்திருப்பது போல்ட் இல்லை, ரிவெட். ஸ்டாக் பவரில் ஒழுங்காக ஓட்டினால் காலத்துக்கும் தாங்கும். பவர் ஏற்றிய பிறகு ஈர ரோட்டில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்று, சட்டென்று பிடி கிடைக்கும் பாருங்கள், அந்த உதறல் நேராக ரிவெட்டில் இறங்கும். முதல் கியரில் எஞ்சின் டார்க் பன்னிரண்டு, பதிமூன்று மடங்காகப் பெருகித்தான் ரிங் கியருக்கு வருகிறது. ஒரு ரிவெட்டின் தலை பிய்த்துக்கொண்டால் அது ரிங் கியரோடு சுற்றி வந்து அலுமினிய கேஸிங்கை உள்ளிருந்தே குத்திக் கிழிக்கும். அதற்குப் பிறகு பாக்ஸே போச்சு, கேஸிங்கும் சேர்த்து.

இதற்கு போல்ட் கிட் கிடைக்கிறது. ரிவெட் தலையை டிரில் போட்டு எடுத்து, பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, அதே ஓட்டையில் ஹைடென்சில் போல்ட் போட வேண்டும். கிரைண்டர் வைத்துத் தலையை அறுக்காதீர்கள். சூடு ரிங் கியருக்கு ஏறும், பொடி பேரிங்குக்குள் போகும். கேஸ் வெல்டிங் வைக்கிற ஆளிடம் கொடுக்கவே கூடாது. பழைய பேரிங்கும் அதே டிஃபரன்ஷியல் கூடும் திரும்பப் போகிறது என்றால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) மாறாது. பேரிங்கோ கூடோ மாறினால் ப்ரீலோட் (பேரிங்கின் இறுக்கம்) அளந்து புது ஷிம் போட வேண்டும். அதை அளக்கத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

கிளட்ச் மாற்ற எப்படியும் பாக்ஸை இறக்கப் போகிறீர்கள். அப்போதே இதையும் செய்துவிட்டால் கூலி ஒரு தடவைதான்.

காசிமேடு_20வால்வ்

ரிவெட் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது அண்ணா, நன்றி. அப்படியானால் 02ஜேவை விட்டுவிட்டு 02எம் ஆறு கியர் பாக்ஸே போட்டுவிட்டால் என்ன? 350 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்கிறார்களே.

மணலி_ஆறுகியர்

நான் அதைத்தான் சொல்ல வந்தேன். 02எம் போடுங்கள். தொடக்கத்தில் செலவு அதிகம், ஆனால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இன்று 190 பிஎஸ் போதும் என்பீர்கள், அடுத்த வருடம் 230 கேட்கும். அப்போது 02ஜேவில் போட்ட போல்ட் கிட், கிளட்ச் எல்லாம் வீண். அஸ்திவாரத்தை முதலிலேயே பலமாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நெல்லூர் ரோட்டில் ஆறாவது கியரில் போகும் சுகமே தனி.

தண்டையார்பேட்டை_டர்போ

மணலி ப்ரோ, பாக்ஸ் பலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 02எம் என்பது பாக்ஸ் மட்டும் இல்லை. மவுண்ட் வேறு, கிளட்சும் ஃப்ளைவீலும் வேறு, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் பாக்ஸுக்குள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து வரும், ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்ட், கியர் கேபிள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று வரத் தாமதமானாலும் வண்டி ஷெட்டில் நிற்கும். இவருக்கு அது தினமும் வேலைக்குப் போகிற வண்டி. அடுத்த வருடம் 230 கேட்கும் என்று இந்த வருடமே செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் ஆக்டேவியா பாக்ஸ் தேடினால் கைக்கு வருவது பெரும்பாலும் 1.9 டீசல் வண்டியின் பாக்ஸ்தான். அதுவும் 02ஜே. உங்கள் எஞ்சினில் நன்றாகவே உட்காரும். ஆனால் பல்சக்கர விகிதம் டீசலுக்குப் போட்டது, நீளமான கியர். பெட்ரோல் எஞ்சினில் முதல் கியரில் கிளம்பவே கிளட்ச் அதிகமாக எரியும். டீசல் பாக்ஸின் ஐந்தாவது கியரை மட்டும் எடுத்துப் போட்டால் நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் இறங்கும், அது நல்ல யோசனை. எதை வாங்கினாலும் கேஸிங்கில் குத்தியிருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து, அது எந்த எஞ்சினோடு வந்தது, விகிதம் என்ன என்று சரிபார்த்த பிறகே காசைக் கொடுங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்பதில்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

பெரம்பூர்_மேப்

கியர்பாக்ஸ் பேச்சு நன்றாகப் போகிறது. எஞ்சின் பக்கம் வருகிறேன், நான் ஈசியு வேலை செய்கிறவள்.

தம்பி, ஒரு பார்ட்டும் வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரீமேப் பேச்சே வேண்டாம், எஞ்சினைத் திறக்க வேண்டும். அப்புறம் பூஸ்ட் லீக் டெஸ்ட். இருபது வருட வண்டியில், அதுவும் நம் ஊர் வெயிலில், வேக்குவம் ஹோஸும் கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸும் விரலால் அழுத்தினாலே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அந்த ஓட்டைகளை வைத்துக்கொண்டு பெரிய டர்போ போட்டால், பாதி காற்று வெளியே போகும். டர்போ அதை ஈடுகட்ட வேகமாகச் சுற்றிச் சாகும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். இருபது வால்வ் என்பதை நினைவில் வையுங்கள். பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்ப்பில் பிளாஸ்டிக் இம்பெல்லர் வேண்டாம், உலோக இம்பெல்லர் கேட்டு வாங்குங்கள். ஆயில் சம்ப்பைக் கழற்றி பிக்கப் சல்லடையைப் பாருங்கள். இந்த எஞ்சினில் அங்கே கசடு சேர்வது வழக்கம். டர்போவுக்கு ஆயில் குறைந்தால் முதலில் போவது டர்போ பேரிங், அடுத்து கேம்.

இப்போது பெட்ரோல். இதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். பங்க்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்ஸர் பார்த்து ஈசியு சரிசெய்துகொள்ளும். முழுசாக மிதிக்கும்போது ஈசியு தன் அட்டவணையை நம்பித்தான் ஊற்றுகிறது. ஐரோப்பாவில் எழுதிய பழைய ரீமேப் ஃபைலை அப்படியே ஏற்றினால், நீங்கள் அதிகப் பூஸ்டில் இருக்கும் அந்த நேரத்தில்தான் கலவை ஒல்லியாகிச் சூடு ஏறும். பிஸ்டன் உருகுவது அப்படித்தான். அதனால் மேப்பை இந்த ஊர் பெட்ரோலை ஊற்றி, வைட்பேண்ட் சென்ஸர் (காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளப்பது) மாட்டி, ஓட்டும்போது அளவுகளைப் பதிவு செய்து எழுத வேண்டும்.

இ20-ன் நல்ல பக்கமும் உண்டு. ஆக்டேன் 95. 91 ஆக்டேனில் இதே எஞ்சினுக்கு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தே மேப் செய்ய வேண்டியிருந்தது. 9.5 கம்ப்ரெஷன் உள்ள டர்போ எஞ்சினுக்கு 95 என்பது பெரிய நிம்மதி. எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. அதை நம்பி மேப் எழுதிவிட்டு நெல்லூர் போகும் வழியில் நாயுடுபேட்டையில் டேங்க் காலியானால் என்ன செய்வீர்கள்? 95-க்கு எழுதுங்கள். எரிபொருள் ஹோஸ் பழைய ரப்பராக இருந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும் சேர்த்து.

டர்போவைப் பொறுத்தவரை, உங்கள் பயன்பாட்டுக்கு கே04 வேண்டாம். இருக்கிற கே03 நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே 180-190 பிஎஸ் வரும். ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தால் சற்றுப் பெரிய கே03எஸ் போடுங்கள். 5500-க்கு மேல் மூச்சு வாங்குவது குறையும். கே04 போட்டால் இன்ஜெக்டர், ஏர் மாஸ் மீட்டர் என்று சங்கிலி நீளும்.

எண்ணூர்_உப்புக்காற்று

இன்டர்கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாக் இன்டர்கூலர் முன் சக்கரத்துக்கு முன்னால் ஃபெண்டருக்குள் இருக்கும் சின்னது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் நின்றீர்களானால், சுற்றிலும் லாரி எஞ்சின் சூடு, கீழே தார்ச் சூடு, காற்றோட்டம் இல்லை. வரிசை நகர்ந்து இடம் கிடைத்து மிதிக்கும்போது எஞ்சினுக்குள் போவது வெந்நீர்ப் பதத்தில் இருக்கும் காற்று. ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே காணாமல் போகும். அதனால் முன்பக்க இன்டர்கூலர் இவருடைய பட்டியலில் இருக்கத்தான் வேண்டும், டர்போ மாற்றினாலும் மாற்றாவிட்டாலும்.

ஆனால் பெரியதைப் பார்த்து மயங்காதீர்கள். ரேடியேட்டரின் முகத்தை முழுக்க மறைக்கும் தடிமனான கோர் போட்டால் ஏசியும் போகும், கூலன்ட் சூடும் ஏறும். நடுத்தர அளவு, பார் அண்ட் பிளேட் வகை போதும். காசிமேட்டில் வண்டி நிறுத்துகிறவர் என்பதால் சொல்கிறேன், மெல்லிய ஃபின் உள்ள மலிவு கோரை உப்புக்காற்று அரித்துவிடும். ஃபின்னைத் தொட்டால் வெள்ளைப் பொடியாகக் கையில் வரும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில், அழுத்தம் குறைவாகக் கழுவுங்கள். கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் டி-போல்ட் வகையாக வாங்குங்கள். சாதாரண கிளாம்ப் துருப்பிடித்தால் பைப் கழன்றுகொள்ளும்.

சோழவரம்_ரன்வே

இளைஞர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவது சந்தோஷமாக இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திய காலத்தில் சோழவரம் எங்களுக்குத் திருவிழா. ஃபியட்டும் ஹெரால்டும் பிரித்து மேய்ந்து கட்டப்பட்டு அங்கே வரும். அந்த எஞ்சின்களில் கேம் மாற்றி, கார்புரேட்டர் மாற்றி பவர் எடுப்பார்கள். பவர் மேல் ஆர்பிஎம்மில் ஒரு குறுகிய இடத்தில் மட்டும்தான் கிடைக்கும். அந்த இடத்தை விட்டு ஊசி இறங்கினால் வண்டி படுத்துவிடும். அதனால்தான் கியர்கள் நெருக்கமாக வேண்டும் என்று அலைந்தார்கள்.

தம்பி, உங்கள் எஞ்சின் அப்படி இல்லை. கம்பெனிக் கணக்கிலேயே 1750-லிருந்து 4600 வரை டார்க் தட்டையாக நிற்கிறது. மேப் சரியாக இருந்தால் 5500 வரை நிற்கும். கியர் மாற்றி ஆர்பிஎம் 6000-லிருந்து 4000-க்கு இறங்கினாலும் டார்க் அங்கே காத்திருக்கிறது. இந்த எஞ்சினுக்கு ஆறு கியர் தேவையே இல்லை, ஐந்து தாராளம். மணலிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாக்ஸைத் திறக்கும்போது காசு மிச்சமிருந்தால், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) போடுங்கள். குவைஃப் கம்பெனியுடையது மாதிரி கியர் வகை. ரிவெட் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. அது போல்ட்டில்தான் மாட்டும். ஒரு சக்கரம் மட்டும் சுழலும் அந்த உதறலே குறைந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. முன்சக்கர டிரைவ் வண்டியில் வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலுவதை நிறுத்துவது, இருபது பிஎஸ் கூட்டுவதைவிட அதிக நேரம் மிச்சம் பிடிக்கும் என்பது என் திடமான எண்ணம். பிரேக் பேடும் புது டாட் 4 ஆயிலும் இல்லாமல் டிராக்கில் இறங்கவே வேண்டாம்.

மணலி_ஆறுகியர்

கோபமெல்லாம் இல்லை ஐயா. தட்டையான டார்க் இருக்கும்போது நெருக்கமான கியர் வேண்டாம் என்பது சரிதான். 300 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிற திட்டம் இருந்தால் மட்டும் 02எம் என்று திருத்திக்கொள்கிறேன். எல்எஸ்டி விஷயத்தில் உங்களோடு நானும் இருக்கிறேன்.

கொடுங்கையூர்_பேப்பர்வேலை

குறுக்கே ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துவிடுங்கள். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினையே மாற்றினால் ஆர்டிஓவில் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் அதே எஞ்சினை வைத்திருப்பதால் எஞ்சின் நம்பர் பிரச்சினை இல்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். புகைச் சான்றிதழுக்கும் அடுத்த புதுப்பித்தலுக்கும் அது வேண்டும். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸில் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணமாகப் பிடிப்பார்கள்.

காசிமேடு_20வால்வ்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலை முழுக்க மாற்றிவிட்டேன்.

முதலில் கம்ப்ரெஷன், பூஸ்ட் லீக். அது பாஸானால் டைமிங் பெல்ட் செட், உலோக இம்பெல்லர் பம்ப், சம்ப் சுத்தம், ஹோஸ்கள். அடுத்து பாக்ஸை இறக்கி கிளட்ச், எல்எஸ்டி. அதற்கப்புறம் நடுத்தர இன்டர்கூலர், கன்வெர்ட்டரோடு கூடிய டவுன்பைப். கடைசியில் பெரம்பூர் அக்கா சொன்ன மாதிரி இ20-க்கு 270 நியூட்டன் மீட்டர் கூரையோடு மேப். கே04, பெரிய இன்ஜெக்டர் இரண்டும் பட்டியலில் இல்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. இப்போது இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பகுதி). அதையே வைப்பதா, சிங்கிள் மாஸுக்கு மாறுவதா? கியர் ஆயிலும் எது என்று சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_டர்போ

என் ஓட்டு சிங்கிள் மாஸுக்கு. ஃபோக்ஸ்வாகன் விஆர்6 வண்டியின் 228 மில்லிமீட்டர் கிளட்ச், அதற்கேற்ற ஜி60 வகை ஃப்ளைவீல். 02ஜேவுக்கு உலகம் முழுக்கப் போடுகிற ஜோடி இது. உங்கள் கூரைக்குத் தாராளமாகத் தாங்கும், பெடலும் கனக்காது. டூயல் மாஸ் உள்ளே ஸ்பிரிங் தேய்ந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

பெரம்பூர்_மேப்

நான் மாறுபடுகிறேன். சிங்கிள் மாஸ் போட்டால் நியூட்ரலில் நிற்கும்போது பாக்ஸிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். டி.எச். ரோட்டு நெரிசலில் தினமும் கேட்டால் எரிச்சல் வரும். பாக்ஸ் இறங்கியதும் டூயல் மாஸைக் கையால் திருகிப் பாருங்கள். சுழற்சி ஆட்டம் கம்பெனி அளவுக்குள் இருந்து, கிரீஸ் வெளியே கசியாமல், மேல்முகத்தில் நீலநிறச் சூட்டுத் தழும்பு இல்லாமல் இருந்தால், அதையே வைத்து பலமான பிரஷர் பிளேட் மட்டும் போடுங்கள். தேறாவிட்டால் டர்போ சொன்ன ஜோடிக்குப் போங்கள்.

வியாசர்பாடி_லேத்

இதில் அக்கா பக்கம்தான் நான். கழற்றிப் பார்க்காமல் ஃப்ளைவீல் வாங்காதீர்கள். மற்றதை ஆர்டர் போடும்போது கிளட்சோடு ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், டிரைவ் ஃப்ளாஞ்ச் சீல் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பாக்ஸ் மேலே ஏறிய பிறகு சீல் கசிந்தால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டும்.

ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4. வெறும் ஜிஎல்-5 என்று மட்டும் எழுதியிருப்பதை ஊற்ற வேண்டாம். அதில் உள்ள கந்தகச் சேர்மம் சிங்க்ரோ வளையத்தின் பித்தளைக்கு ஆகாது. குவைஃப் வகைக்கு கிளட்ச் பிளேட் கிடையாது, அதனால் எல்எஸ்டிக்கென்று தனி அடிட்டிவ் எதுவும் வேண்டாம். பாக்ஸைக் கொண்டு வருவதற்கு முன் பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, டிரெயின் பிளக்கோடு எடுத்து வாருங்கள். மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாகப் பளபளவென்று வந்தால் எல்எஸ்டி ஆர்டரை நிறுத்தி வையுங்கள், முதலில் பேரிங்கும் பல்லும் பார்க்க வேண்டும்.